கைப்பேசி வந்த பிறகும் ஊர் வானொலியும் தகவல் மையமும் எதற்கு?

கேள்வி இது: வளரும் நாடுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் கிராமத் தகவல் மையம், சமூக வானொலி, ஊர்த் தொலைபேசி என்று எத்தனையோ தொடங்கினார்கள். பல நின்றுபோயின. கைப்பேசி இவ்வளவு பரவிய பிறகு, மக்கள் தாங்களே நடத்தும் இந்தச் சின்ன வலைப்பின்னல்களுக்கு இன்னும் வேலை இருக்கிறதா? எது நிலைக்கிறது, எது விழுகிறது?

வேலை இருக்கிறது. முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் காரணத்தைச் சொல்ல, முதலில் ஒரு பழைய பேருந்துப் பயணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1975-ல் ஜார்ஜ் அட்கின்ஸ் என்ற கனடா வானொலிக்காரர் ஜாம்பியாவில் ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தார். வேளாண் ஒலிபரப்பில் பல வருட அனுபவம் உள்ளவர். பேருந்தில் பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்க ஒலிபரப்பாளரிடம், கடைசியாக என்ன நிகழ்ச்சி செய்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். டிராக்டரின் ஸ்பார்க் பிளக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு நிகழ்ச்சி, என்றார் அவர். கேட்கிறவர்களில் எத்தனை பேரிடம் டிராக்டர் இருக்கிறது? அநேகமாக யாரிடமும் இல்லை. அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்த வேளாண் தகவல் எல்லாம் பணக்கார நாடுகளின் பெரும் பண்ணைகளுக்காக எழுதப்பட்டது. கையில் இருந்ததைப் படித்தார்கள். அந்த உரையாடல் அட்கின்ஸை விடவில்லை. 1979-ல், சிறு விவசாயிகளுக்குப் பயன்படும் விஷயங்களை எளிய வானொலிப் பிரதிகளாக எழுதி, பல நாடுகளின் நிலையங்களுக்கு அனுப்பும் ஒரு வலைப்பின்னலைத் தொடங்கினார். இன்று ஃபார்ம் ரேடியோ இன்டர்நேஷனல் என்ற பெயரில் அது நடக்கிறது.

அந்த நிலையத்தில் ஒலிபரப்பி இருந்தது, மின்சாரம் இருந்தது, கேட்கவும் ஆள் இருந்தார்கள். என்ன வேண்டும் என்று நேயர்களிடம் கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்குள் தகவலைக் கொண்டுபோகும் வேலையைக் கைப்பேசி பெருமளவு முடித்துவிட்டது. ஊரிலிருந்து கேள்வி மேலே போவது, அந்தக் கேள்விக்கு அவர்கள் மொழியில் நம்பகமான ஒருவர் பதில் சொல்வது, இந்த இரண்டும் பல இடங்களில் இன்னும் அரைகுறைதான். நான் படித்தும் பார்த்தும் அறிந்த முயற்சிகளில் நிலைத்தவை எல்லாம் இந்த இரண்டையும் கவனித்தவை.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள, புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடா நாட்டு உதவியுடன் தொடங்கிய கிராம அறிவு மையங்களைப் பார்க்கலாம். கணினியை இறக்குவதற்கு முன் அவர்கள் ஒரு கணக்கெடுப்பு செய்தார்கள். மக்கள் இப்போது யாரிடம் தகவல் கேட்கிறார்கள்? கடைக்காரரிடம், சந்தையில், உரம் விற்பவரிடம், பக்கத்து வீட்டாரிடம் என்று விடை வந்தது. அரசு அலுவலகமும் செய்தித்தாளும் வெகு பின்னால் இருந்தன. ஆக, ஊருக்குள் ஏற்கெனவே ஒரு வலைப்பின்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நல்ல தகவலை எப்படி விடுவது என்பதுதான் வேலை என்று புரிந்துகொண்டார்கள்.

வில்லியனூரில் ஒரு மைய நிலையம். அங்கே இணைய இணைப்பு. சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால் வி.எச்.எஃப் எனப்படும் இருவழிக் கம்பியில்லாக் கருவிகள் வழியாகவே பேச்சும் தரவும் போயின. மின்வெட்டுக்குச் சூரியசக்தித் தகடு. இடமும் ஆளும் கிராமம் தர வேண்டும், கருவி நிறுவனம் தரும் என்பது ஒப்பந்தம். சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பது விட்டுக்கொடுக்காத நிபந்தனை. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. வழக்கமாக அங்கே நுழைய முடியாத தலித் மக்களும், மாதவிலக்கு நாட்களில் பெண்களும் கணினி அறைக்கு வந்துபோனார்கள். மையங்களை நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். "நம்ம ஊரு செய்தி" என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றும் அச்சிட்டார்கள். ஏனென்றால் கணினி முன் வந்து உட்காராதவர்களுக்கும் விஷயம் போய்ச்சேர வேண்டும்.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது ஒன்றுதான்: நாளை கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பு கிடைத்தது. வில்லியனூரில் அதை எடுத்து, தமிழில் மாற்றி, மீனவர் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய கடற்படை ஒன்றின் தரவு, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் அவர் மொழியில் விழுந்தது. இடையில் நின்று மொழிபெயர்த்தவரை எடுத்துவிட்டால் இந்தச் சங்கிலியில் ஒன்றும் மிஞ்சாது.

அதே திட்டத்தில் இருந்த இன்னொரு மீனவ கிராமம் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் தப்பியது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் பிழைத்தன. பல ஆண்டுகளாகத் தினமும் அலை உயரம் சொல்லிவந்த ஒலிபெருக்கி என்பதால்தான் அன்று அதன் குரலுக்கு எல்லாரும் ஓடினார்கள் என்று நான் நம்புகிறேன். பேரிடருக்கென்று மட்டும் ஓர் எச்சரிக்கைக் கருவியை நட்டுவைத்தால், தேவைப்படும் நாளில் அது வேலை செய்யுமா என்பதே சந்தேகம். வேலை செய்தாலும் மக்கள் அதை நம்புவார்களா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

சரி, இணையமே எட்டாத இடங்களில் என்ன செய்தார்கள்? இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1984-ல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஃபிடோநெட் என்ற முறையை உருவாக்கினார். சாதாரண கணினி, மோடம், தொலைபேசிக் கம்பி போதும். கடிதங்கள் பகலெல்லாம் கணினியில் சேரும். இரவில் தொலைபேசிக் கட்டணம் குறையும் நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, சுருக்கிய கடிதக் கட்டை ஒரே மூச்சில் தள்ளிவிட்டுத் துண்டித்துக்கொள்ளும். பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய இந்த முறை, 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் ஆப்பிரிக்க நாடுகளின் பல தொண்டு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முதல் மின்னஞ்சலாக ஆனது. லண்டனில் இருந்த கிரீன்நெட் என்ற கணினி வலை அமைப்பு, அந்த ஊர்களின் கணினிகளை அழைத்து அஞ்சலை வாங்கி உலக வலைக்குள் விட்டது. இப்படிப் பல நாடுகளில் இயங்கிய வலைகள் 1990-ல் ஒன்றுசேர்ந்து முற்போக்குத் தகவல் தொடர்புச் சங்கம், அதாவது ஏ.பி.சி, என்ற அமைப்பை உருவாக்கின. 1992-ல் ஐ.நா. ரியோவில் நடத்திய புவி மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு மின்னஞ்சல் வசதி செய்து கொடுத்தது அதில் ஒன்றான பிரேசிலின் ஆல்டர்நெக்ஸ்தான்.

தொலைபேசியே சரியாக இல்லாத இடங்களில் மருத்துவர்களுக்காக சாட்டலைஃப் என்ற அமைப்பு தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு சிறு செயற்கைக்கோளைப் பயன்படுத்தியது. அது தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களுக்குள் அஞ்சலை ஏற்றி இறக்கிவிட வேண்டும். அப்புறம் 2003 வாக்கில் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் மோட்டார் சைக்கிள்களே அஞ்சல்காரர் ஆயின. வண்டியில் ஒரு வைஃபை பெட்டி. பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது அங்குள்ள கணினி தன் கடிதங்களைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வந்தவற்றை எடுத்துக்கொள்ளும். மாலையில் வண்டி மாகாணத் தலைநகரத்துக்குத் திரும்பி செயற்கைக்கோள் இணைப்பில் எல்லாவற்றையும் கொட்டும். கியூபாவில் இணையம் அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில், வாராவாரம் ஒரு டெராபைட் அளவுக்குத் தொடர்கள், செய்தி, மென்பொருள், விளம்பரம் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகக் கைமாறின. வாராந்திரப் பொட்டலம் என்றே அதற்குப் பெயர்.

தகவல் அந்த நொடியே வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான வாழ்க்கைத் தேவைகளுக்கு இல்லை என்பதை இவை எல்லாம் காட்டின. ஒரு மருத்துவர் சந்தேகத்துக்கு மறுநாள் பதில் வந்தாலும் அது வராமலே போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இன்று திட்டம் போடுகிறவர்கள் வேகத்துக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். தரவுத் திட்டம் தீர்ந்துபோன கைப்பேசிக்கு, மெமரி கார்டில் ஒருமுறை ஏற்றிய ஒலிப்பதிவு இன்னும் பெரிய உதவி.

அடுத்தது எழுத்து. தகவல் தருகிறோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் படிக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்தே சொல்கிறார்கள். லைபீரியாவின் மன்ரோவியாவில் ஆல்ஃப்ரெட் சர்லீஃப் என்பவர் 2000-ல் சாலையோரத்தில் ஒரு பெரிய கரும்பலகை வைத்து, அன்றைய செய்திகளைச் சுண்ணக்கட்டியால் எழுத ஆரம்பித்தார். செய்தித்தாள் வாங்க முடியாதவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொருள்களைத் தொங்கவிட்டார்: ஐ.நா. படை பற்றிய செய்தி என்றால் நீலத் தலைக்கவசம். அதிபர் சார்லஸ் டெய்லரின் ஆட்சியில் பலகையை உடைத்தார்கள், அவரையும் சிறை வைத்தார்கள். டெய்லர் போன பிறகு மறுபடி எழுதினார். ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் ஓர் அரசை உறுத்துகிறது என்றால், தகவல் தொடர்பில் கருவியின் விலைக்கும் அதன் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரிகிறது.

இந்தியாவில் 2010-ல் சத்தீஸ்கரை மையமாக வைத்துத் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவை இதையே தொலைபேசியில் செய்தது. கோண்டி பேசும் பழங்குடி மக்களுக்கு அவர்கள் மொழியில் செய்தித்தாளோ தொலைக்காட்சியோ இல்லை. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். செய்தி சொல்ல ஒரு பொத்தான், கேட்க ஒரு பொத்தான். மூன்று மாதமாகக் கூலி வரவில்லை, அடிகுழாய் ரிப்பேர், ஆசிரியர் வருவதில்லை என்று மக்கள் பதிவு செய்தார்கள். அதைச் சரிபார்த்து வெளியிடுவார்கள். பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே சொல்வார்கள். கேட்டவர்கள் அந்த அதிகாரிக்குப் போன் செய்வார்கள். காரியம் நடந்தால், நடந்தது என்று அதே ஆள் மறுபடி பதிவு செய்வார். இந்தக் கடைசிப் படியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பேசினால் பலன் உண்டு என்று அடுத்தவருக்குத் தெரிவது அங்கேதான்.

டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு விவசாயிகளை வைத்தே சிறு வீடியோக்கள் எடுத்து, ஊர்க்கூட்டத்தில் சின்னப் புரொஜெக்டரில் காட்டுகிறது. பார்க்கிறவர்களின் முதல் கேள்வி, இந்த ஆள் யார், எந்த ஊர் என்பதாக இருந்ததாம். தன்னைப் போன்ற நிலமும் தன்னைப் போன்ற கஷ்டமும் உள்ளவர் செய்திருக்கிறாரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறார்கள்; உர அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த நிபுணர் பேச்சும் இதற்கு ஈடாகாது.

வானொலிக்கு வருவோம். 1947-ஐச் சுற்றி லத்தீன் அமெரிக்காவில் இரண்டு விதமான வானொலி பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெரியும். கொலம்பியாவில் ஹோசே ஹோவாகின் சல்செடோ என்ற பாதிரியார் சுதாதென்சா என்ற மலைக் கிராமத்தில் தொடங்கியது வானொலிப் பள்ளி. எழுத்தறிவு, சுகாதாரம், வேளாண்மை எல்லாம் வானொலி வழியாகப் பாடம். ஒவ்வொரு சிற்றூரிலும் ஓர் உதவியாளர் பக்கத்து வீட்டாரைக் கூட்டி உட்கார வைப்பார். மிகப் பெரிய சாதனை அது. லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. ஆனால் தொடக்கத்தில் கொடுத்த வானொலிப் பெட்டிகளில் அந்த ஒரு நிலையம் மட்டுமே கேட்கும்படி அலைவரிசையைப் பூட்டியிருந்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதை மேலே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். 1980-களின் இறுதியில் அது முடிவுக்கு வந்தது.

பொலிவியாவில் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைப் போட்டுத் தாங்களே நிலையங்கள் தொடங்கினார்கள். தொழிற்சங்கச் செய்தி மட்டும் அதில் வரவில்லை. கால்பந்து, பாட்டு, காணாமல் போன குழந்தை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு தகவல் என எல்லாம் வந்தன. 1980 ஜூலை 17-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, நகரத்து ஊடகங்களின் வாய் அடைக்கப்பட்டது. சுரங்க நிலையங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து, ராணுவம் வந்து சேரும் வரை நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. மக்கள் தங்கள் காசில் நடத்தியதைக் காப்பாற்ற மக்களே நின்றார்கள். அந்த நிலையங்களும் பின்னாளில் தளர்ந்தன. 1985-க்குப் பிறகு அரசுச் சுரங்கங்கள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்து ஊரைவிட்டுப் போனபோது வானொலியைத் தாங்கிய தோள்களே இல்லாமல் போயின. அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையில் 1989-ல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி 1999-ல் யுனெஸ்கோ உதவியுடன் ஓர் அருமையான காரியம் செய்தது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நேரலையில், விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையத்தில் தேடிப் பார்த்து, கிடைத்ததைத் தாய்மொழியில் விளக்குவார். கணினியைத் தொட்டே பார்க்காத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே ஓர் இணைப்பு போதுமானதாக இருந்தது. புதுச்சேரியின் அலை உயரமும் கொத்மலையின் நேரலையும் ஒரே வேலைதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இங்கே அரசுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கென்யாவின் ஹோமா பேயில் 1982-ல் தொடங்கிய சிறு வானொலியை அரசு 1984-ல் மூடிவிட்டது. இந்தியாவில் அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன பிறகும், சமூக வானொலிக்கு உரிமம் முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் கிடைத்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம் அப்படி வந்தது. மக்கள் அமைப்புகளுக்கு 2006-ல்தான் கதவு திறந்தது. 2008-ல் இன்றைய தெலங்கானாவில், தலித் பெண் விவசாயிகளின் சங்கங்கள் தங்கள் சங்கம் வானொலியைத் தொடங்கினார்கள். இன்றும் இந்தியச் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி தர அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை அப்படியேயோ உள்ளூர் மொழியில் மாற்றியோ எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஊர்க் குளத்தில் கழிவு கலக்கிறது என்பதை ஊர் வானொலி செய்தியாகச் சொல்லக் கூடாது என்றால், அந்த வானொலி எதற்கு? இந்தத் தடை நீங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நேபாளத்தைப் பாருங்கள். 1997-லேயே ரேடியோ சாகர்மாதா என்ற சமூக வானொலி வந்துவிட்டது. 2005 பிப்ரவரியில் மன்னர் அதிகாரத்தைக் கையில் எடுத்து எஃப்.எம் செய்திகளைத் தடை செய்தபோது, வானொலிக்காரர்கள் தெருவில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டத்துக்கு முன் செய்தி படித்தார்கள். 2015 நிலநடுக்கத்தில் கட்டடம் இழந்த நிலையங்கள் கூடாரத்திலிருந்து பேசின.

தகவல் என்றதும் வானிலை, விலை, விதை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அரசு அலுவலக அலமாரியில் இருக்கும் காகிதமும் தகவல்தான். ராஜஸ்தானில் 1990-ல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்ச நிவாரணப் பணிகளில் கூலி சரியாக வராத தொழிலாளர்களின் அமைப்பு. வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. பதிவேட்டில் இருந்த பெயர்களைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயர், செத்துப்போனவர் பெயர், கட்டியே முடிக்காத கட்டடத்தின் கணக்கு, எல்லாம் வெளியே வந்தன. இந்தக் காகிதங்களைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 2005-ல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம். இங்கே பயன்பட்ட தொழில்நுட்பம் ஒலிவாங்கியும் நகலெடுத்த காகிதமும்தான். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு நடுவே ஓர் ஆவணத்தை வாய்விட்டுப் படிப்பதைவிடச் சக்திவாய்ந்த தகவல் தொடர்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

கைப்பேசியே எல்லாம் செய்யும் என்று சொல்பவர்கள் வழக்கமாகக் கேரள மீனவர்களைக் காட்டுவார்கள். 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்ததும் நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அளந்து 2007-ல் வெளியிட்டார். ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் வீணாவதும், சில மைல் தள்ளி மீனுக்குத் தட்டுப்பாடும் ஒரே காலையில் நடந்துவந்தது. கடலிலிருந்தே போன் போட்டு விலை கேட்கத் தொடங்கியதும் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சுமார் 8% கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4% குறைந்தது. உண்மையான, நல்ல ஆய்வு. ஆனால் பிறகு அதே கரைக்குப் போன ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: ஏலக்காரரிடம் கடன் வாங்கிய மீனவர் வேறு கரையில் விலை அதிகம் என்று தெரிந்தாலும் அங்கே போக முடிவதில்லை. தகவல் கையில் இருக்கிறது, அதை வைத்து முடிவெடுக்கும் சுதந்திரம் கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது. எந்தத் தகவல் திட்டத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம், கைப்பேசி எல்லார் கையிலும் இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024-ல் உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்களைவிடப் பெண்கள் கைப்பேசி இணையம் பயன்படுத்துவது சுமார் 15% குறைவு என்றது அதே ஆண்டு வந்த, கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ-வின் அறிக்கை. வீட்டில் ஒரு போன் இருக்கும், அது வெளியே போகும் ஆணின் சட்டைப்பையில் இருக்கும். வங்கதேசத்தில் 1997-ல் கிராமீன் வங்கிக் கடனில் பெண்களிடம் தொலைபேசி கொடுத்து, ஊரார் காசு கொடுத்துப் பேசும்படி செய்த திட்டம் நல்ல வருமானம் தந்தது. போன் மலிந்ததும் அந்தத் தொழில் மங்கியது. ஆனாலும் சில ஆண்டுகள் ஊர் முழுவதும் பேச வேண்டுமென்றால் ஒரு பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்ததே, அதைச் சிறியதாக எண்ணக் கூடாது.

டவரே வராத ஊர்கள் என்ன செய்தன என்பதற்கு மெக்சிகோவின் ஒஹாகா மாநிலம் நல்ல பாடம். தலேயா தே காஸ்த்ரோ என்ற மலையூருக்குப் பெரிய நிறுவனங்கள் வரவில்லை. அவர்களுக்கு ஜனத்தொகை கட்டுப்படியாகவில்லை. 2013-ல் ரைசோமாட்டிகா என்ற அமைப்பின் துணையுடன் ஊர்ச்சபை கூடி முடிவெடுத்துத் தன் சொந்தக் கைப்பேசி வலையை நிறுவியது. மாதம் ஒரு சிறு சந்தா. இதேபோல் பல பழங்குடி ஊர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு 2016-ல் அலைவரிசை உரிமமே கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் மன்கோசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் உதவியுடன் ஊரார் கூட்டுறவாக நடத்தும் சென்செலெனி வலை, தன் சூரியசக்தித் தகடுகளில் போன் சார்ஜ் செய்து கொடுத்தே முதலில் வருமானம் பார்த்தது.

இதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அண்டை வீட்டார் மொழியில், தெரிந்த குரலில் பேசும் ஊடகம் நல்லதை மட்டும் பரப்பும் என்று உத்தரவாதம் இல்லை. ருவாண்டாவில் 1993-ல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம் வானொலி கலகலப்பான பேச்சும் பாட்டும் நேயர் அழைப்புமாக மக்களிடம் நெருங்கியது. 1994 இனப்படுகொலையின்போது கொல்லச் சொல்லித் தூண்டியது. 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதன் பொறுப்பாளர்களைத் தண்டித்தது. 2018-ல் இந்தியாவில் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து ஆட்களுக்கோ குழுக்களுக்கோ மேல் மறுபடி அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் வரம்பு வைத்தது. எதையும் வெளியிடும் முன் ஒருவர் நிதானமாகச் சரிபார்ப்பதும், தவறு செய்தால் போய்க் கேட்க ஒரு முகவரி இருப்பதும் ஸ்வராவிலும் ஊர் வானொலியிலும் உண்டு. யார் அனுப்பியது என்றே தெரியாமல் வரும் செய்தியில் இல்லை. கைப்பேசிக் காலத்தில் இவற்றின் வேலை கூடியிருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

சரி, ஏன் இத்தனை மையங்கள் மூடின? நான் நேரில் பார்த்த ஒரு மையத்தில் கணினிக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். ரிப்பேர் இல்லை. அதை நடத்திய பெண்ணுக்கு ஏழு மாதமாகச் சம்பளம் வரவில்லை, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். திட்ட அறிக்கையில் கருவிகளுக்குப் பல பக்கம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி. மூன்று ஆண்டு நிதி முடிந்ததும் முதலில் போவது அந்த ஒரு வரிதான். ஊர்க்காரர்கள் அதுவரை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வூதிய விண்ணப்பம், பரீட்சை முடிவு, மருத்துவமனை முகவரி எல்லாம் அவரோடு சேர்ந்து போய்விட்டன.

அதனால் யாராவது இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், இரண்டு மாதம் கருவி எதுவும் வாங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, ஊரில் யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். தையல் கடையிலும் கிணற்றடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் நில்லுங்கள். பெண்கள் கேட்பதையும் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் அது வேறு பட்டியலாக இருக்கும். ஊரே ஏற்கெனவே தேடிப்போய்க் கேட்கும் இரண்டு மூன்று பேர் அந்த நோட்டில் தானாகத் தெரிவார்கள். அவர்கள் சம்மதித்தால், ஐந்து ஆண்டுக்கு அவர்கள் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சந்தாவா, ஊராட்சியா, போன் சார்ஜ் செய்யும் காசா, எதுவானாலும் சரி. ஒலிபெருக்கியா, மிஸ்டு கால் எண்ணா, வானொலியா, கரும்பலகையா என்பதை அவர்களோடு உட்கார்ந்து அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.